கெஸ்ட் வரும் நாள்

பிரிஜ்ஜை நிறுத்தி ஆறு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஆகியிருந்தது. காலை எட்டே காலுக்குச் சதீஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனான். பதினொரு மணிக்கு வெளிநாட்டுக் கெஸ்ட்டோடு வருவதாகச் சொன்னான். இப்போது மூன்றுக்கு ஐந்து நிமிடம். பிரிஜ்ஜின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் தேயிலைக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, முன்னால் ஒரு பாயைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே முதல் நாள் கம்பளைச் சந்தையில் வாங்கிய ஒரு கிலோ சாளை இருந்தது. கதவு இடுக்கு வழியாக நாற்றம் வரத் தொடங்கியிருந்தது.

"அம்மா, நாறுது."

"தெரியுது பாப்பா. வாயால மூச்சு விடு."

சஞ்சீவனிக்குப் பதினொரு வயது. தலைக்கு எண்ணெய் வைக்காமல், சிறிதாகிப் போன பழைய கவுனைப் போட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூன்று நல்ல கவுன் இருந்தது. மூன்றும் அலுமாரிக்குள்.

இராஜகுமாரி ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். காஸ் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. டீவிக்கு மேல் சேலை. கெஸ்ட் வரும் நாளில் இவையெல்லாம் கண்ணில் படக் கூடாது. புகை இருக்க வேண்டும். கூரைத் தகரத்தில் ஒழுகும் இடத்துக்குக் கீழே சட்டி இருக்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கச் சதீஸ் இரண்டு வருடமாக விடவில்லை.

அவளும் மாற வேண்டும். தோளில் கிழிந்த நைலான் சேலை, கொழுந்து எடுக்கிறவர்களைப் போல இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு, தலையில் துணி. பொட்டைத் துடைத்துவிட வேண்டும். தாலியை ஜாக்கெட்டுக்குள் போட வேண்டும். பவுன் தெரிந்தால் யாரும் ஏழை என்று நம்ப மாட்டார்கள் என்பது அவள் புருஷன் சதீஸின் விளக்கம்.

அவள் ஒரு நாள்கூட மலையில் கொழுந்து எடுத்ததில்லை. கண்டியில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருடம் நின்றவள். நாடு கஷ்டத்தில் விழுந்த வருடத்தில் கடைக்காரர் ஆட்களைக் குறைத்தார். அதே வருடம்தான் சதீஸுக்கும் ஹோட்டல் வேலை போனது. கொழுந்து எடுத்தவள் அவளுடைய அம்மா ராக்கம்மா. இந்தச் சாக்கும் கூடையும் ராக்கம்மாவுடையவை. முப்பத்தாறு வயதில் மலையில் குளவி கொட்டி அங்கேயே இறந்தாள். அவளுடைய படம் காய்ந்த மாலையோடு சுவரில் தொங்கியது. கெஸ்ட் வரும் நாளில் மறைக்காமல் விடும் ஒரே பொருள் அது.

கீழே வளைவில் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சஞ்சீவனி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒல்லாந்துக்காரத் தம்பதி. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மாசி மாதம் ஒரு தடவை வந்தவர்கள், இது இரண்டாவது தடவை. அந்த அம்மா நேராகச் சஞ்சீவனியிடம் போய் அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கையில் ஒரு நீலப் புத்தகப் பை, கடைச் சீட்டுகூடக் கழற்றவில்லை. இராஜகுமாரி பிளேன்டீயோடு வந்தபோது அவளைப் பார்த்துச் சும்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் இடம் விட்டவருக்கு ஆட்டுவதைப் போல.

சதீஸ் பேசத் தொடங்கினான். அவனுடைய இங்கிலீஷ் ஹோட்டல் இங்கிலீஷ். தடங்கல் இல்லாமல் வரும். இடைக்கிடை குரலைத் தாழ்த்துவான். சில இடங்களில் நிறுத்தி வெளியே மலையைப் பார்ப்பான். அந்த நிறுத்தங்கள் எல்லாம் எந்தெந்த இடத்தில் வரும் என்று இராஜகுமாரிக்கு மனப்பாடம். அடுப்படியில் நின்று கேட்கும்போது அந்த வேகத்தில் சொற்கள்தான் பிடிபடுவதில்லை. இன்றைக்கு ஒன்று விளங்கியது. ஹேண்ட் டு மவுத். நேற்றுக் கம்பளை இங்கிலீஷ் வகுப்பில் சகீனா டீச்சர் போர்டில் எழுதிய சொல். அன்றாடம் உழைத்து அன்றாடம் தின்பது.

அவள் பாய்க்குப் பின்னால் நாறிக்கொண்டிருந்த மீனை நினைத்தாள்.

சதீஸ் படத்தைக் காட்டினான். அந்த அம்மா கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்தாள். அவளுடைய புருஷன் தொப்பியைக் கழற்றினார். இராஜகுமாரிக்கு இந்த இடம் மட்டும் பிடிக்கும். செத்து இருபத்தோரு வருடம் ஆன அம்மாவுக்காக எங்கிருந்தோ வந்தவர்கள் தொப்பி கழற்றுகிறார்கள். தோட்டத்தில் அன்றைக்கு அரை நாள்தான் வேலையை நிறுத்தினார்கள்.

போகும்போது அந்தப் பெரியவர் பிளேன்டீயை யாரும் பார்க்காத மாதிரிக் வாசலோரக் கான் வாய்க்காலுக்குள் ஊற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறிய கிருமிநாசினிப் போத்தலை எடுத்துக் கையைத் துடைத்தார். இராஜகுமாரி அதைக் கதவு இடுக்கில் நின்று பார்த்தாள்.

மீனை அடுத்த லயத்து வீட்டு நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. பிரிஜ்ஜைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். இராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் மட்டும்தான்.

"பதினொரு மணின்னீங்க," என்றாள்.

"தலதா மாளிகாவைக் கோயில்ல கியூ. மழை வேற. நான் என்னா பண்றது? தூக்கிக்கிட்டு வர்றதா அவங்கள?" கெஸ்ட் வந்து போன சந்தோஷம் இன்னும் அவன் முகத்தில் இருந்தது. "மீன் போனா போவுது. மேடம் என்னா சொல்லிட்டுப் போறாங்க தெரியுமா? பாப்பாவ கண்டியில பெரிய ஸ்கூல்ல சேக்கப் போறாங்களாம். இங்கிலீஷ் மீடியம். சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் அவங்க பொறுப்பு. ஹொஸ்டல்லயே இருக்கலாம்."

"ஹொஸ்டலா? கண்டிக்கு பஸ்ல நாப்பது நிமிஷம். நான் ஒன்பது வருஷம் போய் வந்தேன். ஹொஸ்டல் என்னாத்துக்கு?"

"அங்க சில புள்ளைங்களுக்கு அப்படித்தான் எடம் குடுக்குறாங்க."

"எந்தப் புள்ளைங்களுக்கு?"

சதீஸ் ரொட்டியைப் பிய்த்தான். "கஷ்டப்பட்ட புள்ளைங்களுக்கு."

"நம்ம புள்ள கஷ்டப்பட்ட புள்ளையா?"

"பின்ன? பெட்ரோல் கியூவில ரெண்டு நாள் படுத்துக் கெடந்தோமே, அப்ப என்னாவா இருந்தோம்?"

"அது அப்ப."

"அப்ப இப்பன்னு அவங்களுக்குத் தெரியுமா?" சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தான். "நல்லா உறைக்குது. இந்தா பாரு ராஜி, வெறும் புவர்னு சொன்னா ஒன்னும் நடக்காது. எல்லா ஊர்லயும் புவர் இருக்காங்க. ஹோப்னு ஒரு சொல்லு இருக்குல்ல? அதுக்குப் பின்னால லெஸ் போடு, மேடத்துக்குக் கண்ணு கலங்கிரும். கொஞ்ச நேரம் விட்டு, ஃபுல் போடு. பைய தொறந்துருவாங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் போடணும். ஒங்க டீச்சரம்மா அஞ்சு வாரமா சொல்லித் தர்றத நான் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன் பாரு."

"அம்மா படத்தக் காட்டி என்னா சொல்றீங்க?"

"உள்ளதத்தான். மலையில குளவி கொட்டிச் செத்துப் போனாங்கன்னு. பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்பறம்?"

சஞ்சீவனி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்பல் பக்கம் கை போகவே இல்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவர்கள் திரும்ப வருவார்கள், பாப்பாவைக் கூட்டிப் போய் ஹொஸ்டலைக் காட்டுவார்கள் என்றான் சதீஸ். அந்த அம்மா கொடுத்த பழுப்பு உறை ஒன்றை அலுமாரிக்கு மேல் வைத்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் உட்கார்ந்து, அதிலிருந்த விண்ணப்பப் பாரத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினான். இராஜகுமாரி எட்டிப் பார்த்தாள். அவனுடைய இங்கிலீஷ் எழுத்து, பேச்சைப் போல அழகாக இல்லை. குப்புற விழுந்த எறும்புகளைப் போல இருந்தது.

சனிக்கிழமை அவள் அந்த உறையைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். களவெடுக்கும் எண்ணம் இல்லை. ஹொஸ்டலில் எத்தனை நாளுக்கு ஒரு தரம் பிள்ளையை வீட்டுக்கு விடுவார்கள் என்று டீச்சரிடம் கேட்க நினைத்தாள். சதீஸிடம் கேட்டால் மேலும் ஒரு பேச்சு வரும்.

கம்பளை ரயில் நிலையத்துக்குப் பின்னால், அரிசிக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. காசு இல்லை. பத்துச் சனிக்கிழமை. ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போக விரும்பும் பெண்களுக்காக வைத்தது. பதினொரு பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள். கீழேயிருந்து அரிசித் தவிட்டின் மணமும், ஓரத்துக் கானின் நாற்றமும் சேர்ந்து மேலே வரும். சகீனா டீச்சருக்கு இருபத்து நாலு வயது. பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். சத்தமாகப் பேச வராது. எழுதுவதுதான் அதிகம்.

போன வாரம் வீட்டுப் பாடம் கொடுத்திருந்தாள். வீட்டில் இருக்கும் பொருளின் பெயரை எடுத்து, அதன் பின்னால் இ, லெஸ், ஃபுல் என்று ஒரு வாலை ஒட்டி, வீட்டைப் பற்றிப் பத்துச் சொல் எழுத வேண்டும். இராஜகுமாரியின் கொப்பியில் எட்டு இருந்தது. ஸ்மோக்கி, டேர்ட்டி, டஸ்டி, ஸ்மெலி, ரஸ்டி, ரெய்னி, யூஸ்லெஸ், பெயின்ஃபுல்.

"பிழையில்ல," என்றாள் சகீனா. பிறகு தயங்கினாள். "எல்லாம் கெட்ட சொல்லாத்தான் ஈக்கி. ஊட்டுல நல்லது ஒண்டுமில்லையா?"

"கெஸ்ட் வந்த அன்னைக்கு எழுதுனேன் டீச்சர்."

பெண்கள் சிரித்தார்கள். கெஸ்ட் வந்தால் வீடு சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு காசு பற்றிய பேச்சு வழக்குகள். ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் இப்படிப் பேசுவார்கள், சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்க்கக் கூடாது என்றாள் டீச்சர். விலை மிக அதிகம் என்பதற்கு ஒரு கையும் ஒரு காலும் ஆகும் என்பார்களாம்.

சலூனில் வேலை செய்யும் நிஷாந்தினி கையைத் தூக்கினாள். "டீச்சர், கைய குடுக்கலாம். கால எவன் வாங்குவான்? என் காலெல்லாம் வெடிப்பு."

"ஒன் காலுக்கு மீதிக் காசு நீதான் குடுக்கணும்," என்றாள் பின்னால் ஒருத்தி.

வரவையும் செலவையும் முட்ட வைப்பது மேக் என்ட்ஸ் மீட். செலவைக் குறைப்பதற்கு பெல்ட்டை இறுக்குவது. நிஷாந்தினி விடவில்லை. "நம்மகிட்ட பெல்ட் எங்க டீச்சர்? பாவாட நாடா போதுமா?" கொப்பியில் பாவாடை நாடா என்றே எழுதினாள். சகீனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு இராஜகுமாரி உறையை நீட்டினாள்.

"மகளோட ஸ்கூல் பாரம். லீவு எப்ப விடுவாங்கன்னு போட்டிருக்கா, பாருங்களேன்."

சகீனா எழுந்து நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கத்தைப் புரட்டி, மறுபடி முன்னால் வந்தாள். கதிரையில் உட்கார்ந்தாள்.

"இது யார்ட எழுத்து?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"ராஜகுமாரி எண்டா நீங்கதானே?"

"நான்தான்."

சகீனா பாரத்தை மேசையில் வைத்தாள். விரலை ஒரு வரியின் கீழ் வைத்துக்கொண்டாள். அவளுடைய குரல் வழக்கத்தையும் விடச் சிறியதாக வந்தது.

"புள்ளட உம்மாட பேர் கேட்ட எடத்துல ஒங்கட பேர் ஈக்கி. பக்கத்துல... மௌத்து எண்டு எழுதீக்கி. மலையில குளவி கொட்டி."

"அது எங்கம்மா, டீச்சர். மாத்தி எழுதிட்டாரு போல."

"மாத்தி எழுதல்ல. போட்டோவும் ஒட்டீக்கி." ராக்கம்மாவின் படத்தின் சிறிய பிரதி. மாலை கூடத் தெரிந்தது. "இதுக்குக் கீழயும் ஒங்கட பேர்தான். இந்தப் பாரத்துல நீங்க மௌத்தாகிட்டீங்க."

கீழே யாரோ அரிசி மூட்டையை இழுத்தார்கள்.

"அப்ப தேத்தண்ணி குடுத்தது யாரு?" என்றாள் இராஜகுமாரி.

சகீனா உறைக்குள்ளிருந்து ஒல்லாந்து அம்மாவின் கடிதத்தை எடுத்தாள். வாசித்து, தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் மன்னிப்புக் கேட்பதைப் போலச் சொன்னாள்.

"ஊட்டுல தகப்பன்ட தங்கச்சி ஒராள் ஈக்காங்களாம். பேச ஏலாதாம். புள்ளய வளக்க அவங்களுக்கு அறிவு பத்தாதாம். அதாலதான் ஹொஸ்டல். அது உம்மா இல்லாத பொம்புளப் புள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஹொஸ்டல். லீவு..." பக்கத்தைப் புரட்டினாள். "வருசத்துக்கு ரெண்டு தரம்."

இராஜகுமாரி அந்த நீலப் பையை நினைத்தாள். அந்த அம்மா தலையை ஆட்டிய விதத்தை நினைத்தாள். பொட்டைத் துடைத்த, தாலியை உள்ளே போட்ட நாள்களை எண்ணப் பார்த்தாள். கணக்கு நிற்கவில்லை. இரண்டு வருடமாக, மாதத்துக்கு நாலைந்து தரம், தன் அம்மாவின் சாக்கைக் கட்டிக்கொண்டு, தான் செத்த கதைக்குத் தானே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். உறையை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, கானுக்கு அருகில் நின்றாள். சகீனா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்து, அவளுடைய முதுகைத் தடவினாள்.

"நான் அவங்களுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் குடுக்கவா?"

"வேணாம் டீச்சர். நானே சொல்லிப் பாக்குறேன். சரியான்னு மட்டும் பாருங்க."

சொன்னாள். இங்கிலீஷில் நாலு வரி. சகீனா ஒரு சொல்லைத் திருத்தினாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. சதீஸ் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சஞ்சீவனி தரையில் படிப்புக் கொப்பியோடு இருந்தாள். இராஜகுமாரி தேங்காய் துருவத் தொடங்கினாள். அரைத் தேங்காய் முடிந்தது.

"நான் செத்துட்டேனாமே," என்றாள்.

சதீஸ் நிமிர்ந்தான். அலுமாரியின் மேல் பார்த்தான்.

"உறைய எடுத்துக்கிட்டுப் போனியா?"

"எப்ப செத்தேன்? சொன்னீங்கன்னா திதி கொடுக்கலாம்."

"அடியே, அது பேப்பர். பேப்பர்ல செத்தா செத்துருவியா?"

"ஊமைன்னும் எழுதிருக்கு. அறிவு பத்தாதுன்னும் எழுதிருக்கு."

"அது மேடம் எழுதுனது. நான் அறிவப் பத்தி ஒன்னும் சொல்லல்ல." அவன் நிஜமாகவே மனம் நொந்ததைப் போலச் சொன்னான். பிறகு கதிரையை இழுத்து அவளுக்கு அருகில் போட்டான். "கேளு ராஜி. வேணும்னு செய்யல. மொத மொத ஒரு ஜெர்மன்காரன் வந்தான்ல, மழைக் கோட்டோட? அவன் படத்தக் காட்டி யாருன்னு கேட்டான். மாமியார்னுதான் சொல்ல வாயெடுத்தேன். மாமியாருக்கு எவன்டி அழுவான்? வைஃப்னு வந்துருச்சு. அப்பிடியே அழுதுட்டான் மனுஷன். நீயும் ஒங்கம்மா மாதிரியே இருக்கியா, அப்ப நீ யாருன்னு கேட்டான். என் தங்கச்சின்னேன். பேச்சுக் குடுத்தா மாட்டிக்குவோம்னு ஊமைன்னேன். அவ்வளவுதான்."

"எங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரே மொகம்னா, ஒங்க தங்கச்சிக்கு எப்படி அந்த மொகம் வந்துச்சுன்னு கேக்கலியா?"

"வெள்ளக்காரனுக்கு நம்ம எல்லாரும் ஒரே மொகம்தான்." சிரித்துவிட்டான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். "இந்த பிரிஜ் எங்கருந்து வந்துச்சு? டீவி? ஒன் காதுல கெடக்கே, அது? திங்கும்போது இனிச்சுச்சுல்ல?"

அவள் துருவலில் கையை வைத்தபடி இருந்தாள். எங்கிருந்து காசு வருகிறது என்று ஒரு நாளும் அவள் அழுத்திக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

"பாப்பா," என்றாள். "ஒனக்குத் தெரியுமா?"

சஞ்சீவனி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ம்."

"எப்பலருந்து?"

"போன வருஷத்துலேருந்து. ஸ்கூல்ல டெட்னு படிச்சோம்."

"அப்பா அப்படிச் சொன்னப்பல்லாம் பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"சாக்லெட்ட வாங்கித் தின்னியா?"

பிள்ளையின் முகம் கோணியது. "அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. ஒங்ககிட்ட சொன்னா நீங்க சண்ட புடிப்பீங்க, கெஸ்ட் வர மாட்டாங்கன்னாரு." மூக்கைத் துடைத்தாள். "அந்த ஸ்கூல்ல லேப் இருக்கும்மா. மேடம் போன்ல காட்டுனாங்க. கம்பியூட்டர் ஒரு ஆளுக்கு ஒன்னு. நம்ம ஸ்கூல்ல சயன்ஸுக்கு டீச்சரே இல்ல. ஆறு மாசமா விளையாட்டு டீச்சர்தான் வந்து புத்தகத்தத் தொறந்து வாசிக்கச் சொல்றாரு."

மழை தகரத்தில் விழுந்தது. சட்டியில் ஒழுகியது. இராஜகுமாரிக்கு அந்த அறையில் எதைத் தொட்டாலும் கையில் பிசுபிசுப்பு ஒட்டுவதைப் போல இருந்தது. புருஷன்மேல் அருவருப்பு வந்தது. அது அவனோடு நிற்கவில்லை. தன் காதில் கிடந்ததைக் கழற்றி அரிசிப் பானையின் மூடிமேல் வைத்தாள். பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை. பிள்ளைக்கு வேண்டியது லேப். அது கேட்கக் கூடாத பொருள் அல்ல.

"போகணும்னு ஆசையா ஒனக்கு?"

சஞ்சீவனி கொப்பியின் மூலையை மடித்தாள். "ஆசைதான்," என்றாள்.

"கேட்டியா?" என்றான் சதீஸ், மெதுவாக. "நாளைக்கு ஒரே ஒரு மணித்தியாலம். வாயத் தொறக்காத. அவ வாழ்க்கைக்காக. ஒரு நாள் டாக்டராகிக்கூட வருவா. வந்து ஒன்னத்தான் அம்மான்னு கூப்பிடப் போறா, வேற யாரையா?"

"வருசத்துக்கு ரெண்டு தரம்," என்றாள் இராஜகுமாரி.

இராத்திரி அவன் அலுமாரியைப் பூட்டினான். அவளுடைய அடையாள அட்டை அதற்குள் இருந்தது. கல்யாணப் படங்களும் இருந்தன. சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்தான்.

ஞாயிறு காலை அவன் பிளக்கைக் கழற்றி, கம்பளியைப் போர்த்திவிட்டுக் கிளம்பினான். வாசலில் நின்று அவளைப் பார்த்தான். கிழிந்த சேலையோடு அவள் அடுப்படியில் இருந்தாள். அவனுக்குத் திருப்தி.

ஆட்டோவின் சத்தம் வளைவைத் தாண்டியதும் அவள் எழுந்தாள். கம்பளியை இழுத்துப் போட்டாள். காஸ் அடுப்பை வெளியே எடுத்து, பருப்பும் கத்தரிக்காயும் ஆக்கினாள். தரையைக் கழுவினாள். படங்குச் சாக்கைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அலுமாரி பூட்டியிருந்ததால் நல்ல சேலை இல்லை. துணிக்கடையில் கட்டிய ஊதாச் சீருடைச் சேலை ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதைக் கட்டினாள். பொட்டு வைத்தாள். தாலியை வெளியே எடுத்து விட்டாள். சஞ்சீவனிக்குத் தலை சீவ எண்ணெயை எடுத்தபோது பிள்ளை வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது. நீலப் பை மட்டும் அதன் மடியில் இருந்தது.

பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.

சதீஸ் வாசலில் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்த அந்த அம்மா அவனுடைய முதுகில் இடித்துக்கொண்டாள். அவன் கண் பிரிஜ்ஜுக்குப் போனது, அடுப்புக்குப் போனது, அவளுடைய கழுத்துக்குப் போனது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக இங்கிலீஷில் எதையோ சொல்லத் தொடங்கினான். பக்கத்து வீட்டார், நேற்று, கிஃப்ட் என்று அவளுக்கு இரண்டு மூன்று சொல் பிடிபட்டது.

"குட் மோர்னிங்," என்றாள் இராஜகுமாரி.

சதீஸ் நிறுத்தினான்.

"மை நேம் இஸ் ராஜகுமாரி. ஐ ஆம் ஹிஸ் வைஃப். ஐ ஆம் ஹேர் மதர்." படத்தைக் காட்டினாள். "தட் இஸ் மை மதர்."

சொல்லிவிட்டாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை. அந்தப் பெரியவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

சதீஸ் நீளமாக மூச்சு விட்டான். அவன் இப்படித் தலையைக் குனிவதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள், கதையில் குளவி வரும் இடத்தில். மெல்லிய குரலில் பேசினான். பேசும்போது ஒரு விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். மை சிஸ்டர் என்றான். இரண்டு தரம் சொன்னான். சிக் என்றான். ஸம்டைம்ஸ் ஸ்பீக்ஸ் என்று வாயைக் காட்டினான். ஆஃப்டர் மை வைஃப் என்றான். மீதி அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் அது விளங்கியது. முகம் இளகியது. கண் நிறைந்தது. மூன்று தடவையில் முதல் முறையாக அவள் இராஜகுமாரியைத் தொட்டாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, ஸாரி, ஸோ ஸாரி என்றாள். கை மெத்தென்று, வாசனையாக இருந்தது. இராஜகுமாரிக்கு உடம்பு கூசியது. கையை உருவிக்கொண்டாள்.

"நோ," என்றாள். "நோ, நோ. ஐ ஆம்..." அதற்கு மேல் அவளுக்கு இங்கிலீஷ் இருக்கவில்லை. ஆறு சனிக்கிழமை அவ்வளவுதான் தந்திருந்தது. "நான் பைத்தியமில்லங்க," என்றாள் தமிழில். அது இன்னும் பைத்தியத்தைப் போலவே கேட்டது.

"பேசாம உள்ள போ," என்றான் சதீஸ் தமிழில். குரலில் கோபமே இல்லை, அன்பாகவே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக.

பெரியவர் அசையவில்லை. அவர் பிரிஜ்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சஞ்சீவனியின் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். கேள்வி இராஜகுமாரிக்கும் விளங்கியது. இது யார்?

சஞ்சீவனி பையின் பட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். சதீஸ் அவளைப் பார்த்துச் சிரித்து, சின்னதாகத் தலையை அசைத்தான். அம்மாவைப் பார்த்தாள். இராஜகுமாரி சொல் என்று கேட்கவில்லை. சயன்ஸுக்கு டீச்சரே இல்லாத பள்ளிக்கூடம் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பி, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தாள்.

அந்த அம்மா இன்னொரு தரம் கேட்டாள்.

"ஷி இஸ் நொட் சிக்," என்றாள் சஞ்சீவனி. வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதைப் போலச் சத்தமாக, ஒரே மூச்சில் வந்தது. "ஷி இஸ் மை மதர். மை மதர் டிட் நொட் டை."